சாவுக் காசில் ஒற்றை வெள்ளி

போய்,

உனக்கு அழகான பெயர் ஒன்று வைத்து, அதைப் பிறப்புப் பத்திரத்தில் ஏற்றிவிட்டு, வீட்டில் எல்லாரும் இங்கிலீஷில் 'போய்' என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். பையன் என்றுதான் அர்த்தம். ஆனால் தமிழ்க் காதுக்கு அது போனவனைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது என்பது நீ துபாய்க்கு விமானம் ஏறிய பிறகுதான் எனக்கு உறைத்தது. நேற்று மத்தியானம் நான் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது அலமாரி மேலிருந்த உன் அப்பாவின் போன் சத்தம் போட்டது. அவர் போய்ச் சேர்ந்த பிறகும் அதற்குச் சார்ஜ் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். கையைத் துடைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். நீ அவருக்கு வைத்துக் கொடுத்த அந்தக் கிரிப்டோ வாலட்டில், கண்ணுக்குத் தெரியாத காசு வைக்கிற பையில், ஒரு டாலர் வந்திருந்தது. யார் அனுப்பியது என்று பெயர் இல்லை. நீளமாக எழுத்தும் எண்ணும் கலந்த ஓர் அட்ரஸ் மட்டும் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். சோறு குழைந்துவிட்டது. இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. மெசேஜ் அனுப்பினால் நீலக்குறி விழுகிறது, பதில் இல்லை. அதனால் இதை ஊரே படிக்கட்டும் என்று வெளிப்படையாகவே எழுதுகிறேன். பத்திரிகை போட்டால் போடட்டும். இல்லையென்றால் கோயில் மண்டபப் பலகையில் நானே ஒட்டிவிடுகிறேன். சுங்கை சிப்புட்டில் நம் தாமான் குடியிருப்பில் இருக்கிறவர்கள், தோட்டத்தை விட்டு எங்கெங்கோ போனவர்கள், எல்லாரும் பார்க்க வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் அப்பாவுக்குக் கருமாதி. அதற்கு நீ வர வேண்டும். நான் கேட்கப்போவது அவ்வளவுதான். அதை நேராகக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதனால் சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்.

வெளியார் படிப்பார்கள் என்பதால், இத்தனைக்கும் மூலமான மரண சகாய நிதி என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பெயர்தான் அப்படி. வாயில் எல்லாருக்கும் அது சாவுக் காசு. ரப்பர்த் தோட்டத்தில் இருந்தபோது ஆரம்பித்தது. வீட்டுக்கு வீடு மாதம் கொஞ்சம் கொடுப்பார்கள். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் அன்று பொழுது சாய்வதற்குள் பொருளாளர் அந்த வீட்டுக்குப் போய், சாவுச் செலவுக்கான பணத்தைக் கையில் கொடுத்துவிட வேண்டும். தோட்டத்தை வீடு கட்டுகிறவர்களுக்கு விற்றார்கள், நாங்கள் தாமானுக்கு வந்தோம், லயத்து வீடுகள் போயின, கோயில் இடம் மாறியது, சாவுக் காசு மட்டும் நிற்கவில்லை. உன் அப்பா லாரி ஓட்டிக்கொண்டே அதற்குப் பொருளாளராக இருந்தார். பாரிட் புந்தாரில் அரிசி ஏற்றிக்கொண்டிருந்தவர் சாவுச் செய்தி கேட்டு, லாரியை அங்கேயே போட்டுவிட்டு யாரோ ஒருவருடைய மோட்டார் சைக்கிளில் தொற்றிக்கொண்டு வந்து கவரை நீட்டியிருக்கிறார். முதலாளி வேலையை விட்டு நிறுத்துகிறேன் என்றான். "நிறுத்துங்க முதலாளி, நாளைக்கு வாரேன், அப்ப நிறுத்துங்க, இன்னிக்கு நேரமில்ல" என்றாராம். நாணயமான மனுசன் என்று ஊரில் சொன்னால் அது அவரைத்தான் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருக்கும். வீட்டுக்கு மீன் வாங்க மறப்பார், அதை மறக்க மாட்டார்.

நீ தீபாவளிக்கு வந்திருந்தபோது சாப்பாட்டு மேசையில் இந்தப் பேச்சை ஆரம்பித்தாய். தோட்டத்துப் பிள்ளைகள் இப்போது தோட்டத்தைச் சுற்றியா இருக்கிறார்கள் என்று கேட்டாய். நியாயமான கேள்வி. ஒருத்தன் சிங்கப்பூரில், ஒருத்தி பெர்த்தில், ஒருத்தன் லண்டனில், நீ துபாயில். எல்லாருக்கும் அப்பன் ஆத்தா இங்கே இருக்கிறார்கள், சாவுக் காசு கட்ட ஆசையும் இருக்கிறது. பேங்க் வழியாக அனுப்பினால் அனுப்புகிற காசைவிடக் கட்டணம் அதிகம் என்றாய். அதோடு நம் காசு ஆண்டுக்கு ஆண்டு இளைத்துக்கொண்டே போகிறது என்றாய். "இந்தக் கிரிப்டோ உலக நாணயம்மா. எந்த நாட்டுலேர்ந்தும் யாருக்கும் ஒரு நிமிசத்துல அனுப்பலாம். டாலருக்கு டாலர் அப்படியே நிக்கும். யாரையும் நம்ப வேண்டியதில்ல, யாரும் நடுவுல கை வைக்க முடியாது" என்றாய். நான் சிரித்தேன். கண்ணுக்குத் தெரியாத காசு என்ன காசு என்றேன். நீ விடவில்லை. "நீங்க ரிங்கிட்ட வெள்ளின்னு சொல்றீங்களே, அதுல வெள்ளி எங்கம்மா இருக்கு? வெறும் காகிதம்தானே. ஜப்பான்காரன் அடிச்ச நோட்டும் காசுதான், ஒரே நாள்ல அடுப்பெரிக்கப் போச்சுன்னு அப்பாதான் சொல்வாரு" என்றாய். உன் அப்பா வடையைப் பிட்டுக்கொண்டே, "இவன் சொல்றதும் சரிதான் லா" என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் இரண்டாம் நாள் உன் பக்கம் சாய்ந்தவள் நான்தான். காரணம் சொல்கிறேன். நான் கையுறை ஃபேக்டரியில் வேலை செய்தபோது என் பக்கத்தில் ரஃபீக் என்று பங்களாதேஷ் பையன் ஒருவன் இருந்தான். சம்பளம் போட்ட அன்று ஊருக்குப் பணம் அனுப்ப அவன் படுகிற பாட்டைப் பார்க்க முடியாது. ஈப்போவுக்குப் பஸ் ஏற வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், கட்டணம் அழ வேண்டும். நான் வேலையை விடப்போகிற காலத்தில் அவன் நீ சொல்கிற இந்தக் காசைப் போனில் தட்டி அனுப்பினான், அந்தப் பக்கத்தில் அவனுடைய அம்மா போனில் வாங்கிவிட்டேன் என்று கத்தினாள். கேன்டீனில் எங்கள் எல்லாருக்கும் கேட்டது. அவன் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. அதனால்தான் நிதியின் தலைவர் ராமையா அண்ணே வீட்டுக்கு வந்து யோசித்துச் செய்யலாம் என்று இழுத்தபோது, "பையன் படிச்சவன், சொல்றான்ல அண்ணே, காலத்துக்கு ஏத்த மாதிரி நாமளும் மாறணும் லா" என்று நான் பெரிய மனுசி மாதிரிப் பேசினேன். உன் உலக நாணயம் ஏழைக்கு உதவாது என்று சொல்ல இந்தக் கடிதத்தை எழுதவில்லை. உதவியதை என் கண்ணால் பார்த்தவள் நான்.

ஏற்பாடு எல்லாம் சரியாகத்தான் செய்தாய். நிதிப் பணத்தை உன் அப்பா பேங்கிலிருந்து எடுத்து, நீ சொன்ன வழியில் அந்தக் காசாக மாற்றித் தன் போனில் வைத்துக்கொண்டார். அங்கிருந்து உனக்கு அனுப்ப வேண்டும். அவர், ராமையா அண்ணே, நீ என்று மூன்று பேர் சாவி போட்டால்தான் திறக்கிற ஒரு பெட்டியில் நீ அதைப் பூட்டி வைப்பாய். அதற்குள் நீ துபாய்க்குத் திரும்பிவிட்டாய். "முதல்ல கொஞ்சமா அனுப்பிப் பாருங்கப்பா, வந்துருச்சுன்னு நான் சொன்ன பொறவு மிச்சத்த அனுப்புங்க" என்றாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தோசை சாப்பிட்டுவிட்டு, டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அனுப்பினார். நீ உடனே கூப்பிட்டு வந்துவிட்டது என்றாய். அவர் எழுந்து போய் ஒரு தேத்தண்ணி கலந்துகொண்டு வந்தார். திரும்பி உட்கார்ந்தபோது போனில் ஒரு டாலர் வந்திருந்தது. எடுத்துப் பார்த்தார். அனுப்பிய அட்ரஸ் உன்னுடையது மாதிரியே ஆரம்பித்து உன்னுடையது மாதிரியே முடிந்தது.

அவர் முகம் மலர்ந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். கல்யாணம், காது குத்து, வீடு புகுவது என்று எந்த நல்ல காரியத்துக்கும் நாம் ஐம்பது வைக்க மாட்டோம், ஐம்பத்தொன்று வைப்போம். நூறு வைக்க மாட்டோம், நூற்றியொன்று வைப்போம். அந்த ஒற்றை வெள்ளி மேலும் பெருக வேண்டும் என்பதற்காக. சாவுக்கு மட்டும் அதை வைக்கக் கூடாது, சாவு தொடரக் கூடாது இல்லையா. "பாத்தியா, உம் மவன் ஒத்த வெள்ளி சேத்து வச்சிருக்கான். சாவுக் காசுக்கு வைக்கக் கூடாதுன்னு அவனுக்குத் தெரியல பாவம்" என்றார். "தொடங்குற காரியம்னு வச்சிருப்பான், விடுங்க, துபாய்ல இருந்துகிட்டு இந்த அளவுக்காவது ஞாபகம் வச்சிருக்கானே" என்றேன் நான். இரண்டு பேருக்கும் அவ்வளவு சந்தோசம். நீ நம் பழக்கத்தை மறக்கவில்லை என்கிற சந்தோசம். உன்னைக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்று தோன்றவே இல்லை. மகன் மொய் வைத்தால், வைத்தாயா என்று கேட்கிற பெற்றோர் எங்கே இருக்கிறார்கள். கடிதம் வந்தால் பின்பக்கம் உள்ள விலாசத்துக்குப் பதில் போடுகிற மாதிரி, அந்த ஒரு டாலர் வந்த அட்ரஸைத் தொட்டு, மிச்சம் எல்லாவற்றையும் அதற்கே அனுப்பிவிட்டார்.

பிறகு நீ கூப்பிட்டாய். "இன்னும் அனுப்பலையாப்பா?" என்று கேட்டாய். அந்தக் கேள்வி ஸ்பீக்கரில் வந்தது. அவர் அனுப்பிவிட்டேனே என்றார். நீ போட்டோ பிடித்து அனுப்பச் சொன்னாய். அனுப்பினார். அப்புறம் சொன்னாய், யாரோ உன் அட்ரஸ் மாதிரியே தலையும் வாலும் ஒத்துப்போகிற ஓர் அட்ரஸை உண்டாக்கி, அதிலிருந்து ஒரு டாலரைப் போட்டு ஏமாற்றியிருக்கிறார்கள் என்று. பணம் நகர்வதைப் பார்த்துக்கொண்டே இருந்து இப்படிச் செய்கிற கூட்டம் இருக்கிறதாம். அப்பா கேட்டார், "சரி, யார்கிட்ட போய்ச் சொல்லணும்?" நீ யாரிடமும் சொல்ல முடியாது என்றாய். அவருக்கு அது புரியவே இல்லை. முன்பு ஒரு முறை பேங்கில் கணக்கு எண்ணில் ஒன்றை மாற்றி எழுதி, யாருக்கோ பணம் போய்விட்டது. கவுண்டரில் இருந்த பெண் அவரைப் பார்த்து அத்தனை பேர் முன்னால் கத்தினாள். கத்திக்கொண்டே நாலு இடத்துக்கு போன் போட்டாள். அடுத்த வாரம் பணம் திரும்பி வந்தது. அவளுக்கு ஒரு டப்பா முறுக்கு கொண்டுபோய்க் கொடுத்தார். இந்தத் தடவையும் அப்படி யாராவது கத்துவார்கள் என்று எதிர்பார்த்தார். போலீசுக்குப் போனோம். அங்கே இருந்தவர் நல்ல மாதிரிதான், மேசைக்கு மேல் குனிந்து போனைப் பார்த்துவிட்டு, "சியாப்பா ஓராங், பாக்சிக்? நெகாரா மானா?" என்று மலாயில் கேட்டார். யார் ஆள், எந்த நாடு என்று. எங்களுக்கு இரண்டும் தெரியவில்லை. ரிப்போர்ட்டில் சந்தேகப்படும் ஆள் என்கிற இடத்தை அவர் காலியாக விட்டார்.

ஊர் அதைக் காலியாக விடவில்லை. கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். உன் அப்பா எழுந்து நடந்ததை அப்படியே சொன்னார். முதலில் யாரும் கோபப்படவில்லை. அவர் முகத்துக்காக. அப்புறம் ஒருவர் கேட்டார், மவனுக்குத்தானே அனுப்பினீங்க என்று. ஆமாம், ஆனால் மவனுக்குப் போகவில்லை என்றார். அட்ரஸ் மவனுடையது மாதிரித்தானே இருக்கு என்றார்கள். தலையும் வாலும்தான் ஒன்று, நடுவில் வேறு என்றார். "அப்ப அந்த வேற அட்ரஸ் யாருது?" என்றார்கள். அவர் ராமையா அண்ணனைப் பார்த்தார், ராமையா அண்ணே தரையைப் பார்த்தார். அதில் பெயர் கிடையாது, போய். பெயர் கேட்காது என்பதுதான் அதன் பெருமை என்று தீபாவளி அன்று நீயே சொன்னாய். திருடியவனுக்குப் பெயர் இல்லாமல் போனால், பெயர் உள்ளவன் தலையில்தான் அது வந்து விடியும். அந்த அட்ரஸ் உன்னுடையது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. உன்னுடையது இல்லை என்றும் யாராலும் நிரூபிக்க முடியாது. யாரையும் நம்ப வேண்டியதில்லை என்று சொன்னாய் பார், கடைசியில் எல்லாம் உன்னை நம்புகிறோமா இல்லையா என்பதில் வந்து நின்றது.

உன் அப்பா நம்பினார். அதை நான் சாட்சியாகச் சொல்கிறேன். ஒரு நாள், ஒரு நிமிசம்கூட அவர் உன்னைச் சந்தேகப்படவில்லை. தன் வேலைக்காலச் சேமநிதியில் மிச்சம் இருந்ததை எடுத்துச் சாவுக் காசு நிதிக்குக் கட்டினார். போதவில்லை. செமோரில் ஒரு ஃபேக்டரி வாசலில் ஜாகா வேலைக்கு, காவல் காக்க, போனார். லாரியில் உட்கார்ந்தே வாழ்ந்த மனுசன், நாள் முழுக்க நின்று, கேட்டைத் திறந்து மூடினார். கால் வீங்கிக்கொண்டு வருவார். இடையில் தாமானில் சாவுகள் விழுந்தன. நிதியில் இல்லை என்று அவர் ஒரு வீட்டுக்கும் சொல்லவில்லை, தன் கையிலிருந்து எடுத்துப் பொழுது சாய்வதற்குள் கொண்டுபோய்க் கொடுத்தார். எதற்கு இப்படிச் சாகிறீங்க என்று நான் கத்துவேன். "தப்பு பண்ணது நான் லா. பையன் சரியாத்தான் சொல்லிக் குடுத்தான்" என்பார். நீ அவரிடம் ஒரு முறை இங்கிலீஷில் 'யூசர் எரர்' என்று சொன்னாயாமே, அதாவது பொருளில் கோளாறு இல்லை, பயன்படுத்தியவர்தான் தப்பு என்று. அதை அவர் மனப்பாடம் பண்ணி வைத்திருந்தார். கேட்கிறவர்களிடமெல்லாம் அதையே சொன்னார்.

இப்போது நான் என் பங்குக்கு வருகிறேன். உன் அப்பா செய்தது கைத்தவறு. நான் செய்தது அது இல்லை. ஊர் பேசப் பேச, எனக்குள்ளும் ஏதோ ஊறியது. நீ புது கார் பக்கத்தில் நின்று ஒரு போட்டோ போட்டிருந்தாய். நண்பனுடைய கார் என்று எழுதித்தான் இருந்தாய், நான் அதைப் படித்துவிட்டும் காரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று நீ கூப்பிட்டபோது, அப்பா கால் எப்படி இருக்கிறது என்று கேட்டாய். நான் அதற்குப் பதில் சொல்லாமல், "போய், அம்மாகிட்ட மட்டும் சொல்லு. நீ எடுத்தியா?" என்று கேட்டேன். நீ கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். நீ, "வைக்கிறேம்மா" என்று மட்டும் சொன்னாய். அதற்குப் பிறகு நீ என்னிடம் பேசவில்லை. அப்பாவிடம் ஏன் என்று நான் சொல்லவில்லை. வேலை அதிகம் போலிருக்கிறது என்று அவரே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டார். பத்து மாதம் சுமந்தவள் ஊர்வாயில் விழுந்து பிள்ளையைத் திருடனா என்று கேட்டேன்.

உன் அப்பா வேலைக்குக் கிளம்பச் சட்டை மாட்டிக்கொண்டிருக்கும்போதே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்தது. நீ வருவாய் என்று பெட்டியை மூடாமல் வைத்திருந்தோம். நீ வீடியோவில் வந்தாய், உன் பக்கம் கேமராவைத் திறக்கவில்லை, கறுப்புத் திரையில் உன் பெயரின் முதல் எழுத்து மட்டும் இருந்தது. என் தம்பி அந்தப் போனை உன் அப்பா முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றான். கொள்ளி உன் தம்பி முறைப் பையன் வைத்தான். அன்று சாயந்திரம், வெயில் இறங்குகிற நேரத்தில், ராமையா அண்ணே மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். கையில் கவர். பொருளாளர் செத்தால் பொருளாளர் வேலையை யார் பார்ப்பது, அவர்தான் பார்த்தார். நான் வாங்க மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டேன். "பிடிம்மா. இது நிதி இல்ல. வீடு வீடாப் போயி எடுத்தேன். அவரு எங்க எல்லாரு வீட்டுக்கும் வந்தாரு லா" என்றார். அழுதுகொண்டே வாங்கினேன். பந்தலின் பின்பக்கம் நின்றிருந்த ஒருவர் மெதுவாகத்தான் சொன்னார், ஆனாலும் கேட்டது. "மவன் கணக்குல இருக்கே, அதுல எடுத்துக்கலாமே." ராமையா அண்ணே திரும்பிப் பார்த்தார். நான் திரும்பவில்லை. முன்பே அதை உன்னிடம் கேட்டவள் நான், அவரை எந்த வாயால் அதட்டுவது.

அதற்குப் பிறகு ஒரு காலை நேரத்தில் உன் அப்பாவின் போனை எடுத்துக்கொண்டு வாசலில் வெளிச்சத்தில் உட்கார்ந்தேன். ஃபேக்டரியில் என் வேலை என்ன தெரியுமா உனக்கு. கையுறையில் காற்றை நிரப்பி, வெளிச்சத்தில் பிடித்து, ஊசி முனை அளவு ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது. ஓட்டை பெரும்பாலும் விரல் நுனியில் இருக்காது, இரண்டு விரலுக்கு நடுவில் இருக்கும். அங்கே யாரும் பார்க்க மாட்டார்கள். இரண்டு அட்ரஸையும் காகிதத்தில் பெரிதாக எழுதச் சொல்லிப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தேன். ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்து, எழுத்து எழுத்தாக விரலை நகர்த்திப் பார்த்தேன். தலை ஒன்று. வால் ஒன்று. நடுவில் ஒரு எழுத்துக்கூட ஒட்டவில்லை. நீ சொன்னது அத்தனையும் உண்மை. இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும் நான். எத்தனை லட்சம் கையுறையைப் பார்த்த கண், என் பிள்ளை விசயத்தில் தலையையும் வாலையும் மட்டும் பார்த்தது. ஊரில் படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன், அந்தக் காகிதம் என்னிடம் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். அந்த இன்னொரு அட்ரஸும் அவனுடையதாக இருக்கலாமே என்று கேட்பீர்கள். கேளுங்கள். அதற்கு என்னிடம் காகிதம் இல்லை, அவன் என் மகன் என்பதுதான் இருக்கிறது.

உனக்குப் புத்தி சொல்ல நான் யார். ஆனாலும் தாய் வாய் சும்மா இருக்காது. உன் காசு ஒரு நாள் உலகம் முழுக்க ஓடும் காசாக ஆகலாம். என் காலத்துக்குப் பிறகு சுங்கை சிப்புட் பாசாரில் கீரைக்கட்டுகூட அதில்தான் வாங்குவார்கள் என்றால் வாங்கட்டும். நீ அந்த வேலையில் இருக்கிறாய், கெட்டிக்காரன், உன்னை மாதிரி ஆட்கள்தான் அதைச் செய்வீர்கள். செய்யும்போது உன் அப்பாவை நினைத்துக்கொள். கண் மங்கிய ஒருவர், தேத்தண்ணி ஆறிக்கொண்டிருக்க, நல்லது நடந்துவிட்டது என்று சிரித்துக்கொண்டே தப்பான இடத்தைத் தொடுவார். அவருக்காக அதில் ஒரு கவுண்டர் வையுங்கள். கத்துகிற ஒரு பெண்ணை உட்கார வையுங்கள். தப்புப் பண்ணியவன் போய் அழ ஓர் இடம் இல்லாத காசு, எத்தனை நாட்டில் செல்லுபடியானாலும், எங்களை மாதிரி ஆட்களுக்குப் பயமாகத்தான் இருக்கும். யூசர் எரர் என்று இனிமேல் யாரிடமும் சொல்லாதே. அந்த ஆள் அதை மனப்பாடம் பண்ணிக்கொண்டு செத்துப்போவார்.

கருமாதிக்கு உன் மாமா, என் தம்பி, உருமாத் துண்டு வாங்கி வைத்திருக்கிறான். பட்டுக்கரை போட்டது. தகப்பன் போனால் மகன் தலையில் தாய்மாமன் கட்டுவது. அதை வேறு பையன் தலையில் கட்டலாமா என்று கேட்டார்கள், முடியாது என்றேன். நீ வந்தால் ஊர் உன்னைப் பார்க்கும், பேசும், சிலர் முகத்தைத் திருப்புவார்கள். பொய் சொல்ல விரும்பவில்லை, நன்றாக இருக்காது. ராமையா அண்ணே உன் பக்கத்தில் நிற்பதாகச் சொல்லியிருக்கிறார். நானும் நிற்பேன். முன்பு நிற்க வேண்டிய நேரத்தில் நிற்காதவள், இப்போது நிற்கிறேன் என்றால் உனக்குச் சிரிப்பு வரலாம்.

நேற்று வந்த அந்த ஒரு டாலருக்கு வருகிறேன். அது வந்த அட்ரஸ் உன்னுடையது மாதிரியே ஆரம்பிக்கிறது. உன்னுடையது மாதிரியே முடிகிறது. உன் அட்ரஸ் எழுதிய காகிதம் அலமாரியில்தான் இருக்கிறது, எடுத்து வைத்து நடுவைப் பார்க்க அதிக நேரம் ஆகாது. நான் பார்க்கவில்லை. பார்க்கவும் மாட்டேன். அந்தத் திருட்டுக் கூட்டம் மறுபடியும் தூண்டில் போட்டிருக்கலாம், அதுகூடத் தெரியாதவள் இல்லை நான். அல்லது நீ அங்கே தனியாக உட்கார்ந்து, அம்மாவிடம் பேச வாய் வராமல், ஒற்றை வெள்ளியாக அனுப்பியிருக்கலாம். சாவு வீட்டுக்கு ஒற்றை வெள்ளி வைக்கக் கூடாது என்று உனக்குத் தெரியாது. பரவாயில்லை.

அது நீ அனுப்பியது என்றால், ஞாயிற்றுக்கிழமை வந்து வாசலில் நின்று சொல். நீ அனுப்பியது இல்லையென்றால் அதை மட்டும் என்னிடம் சொல்லாதே. உன் அப்பா மாதிரி நானும் அது என் மகன்தான் என்று நினைத்துக்கொண்டு இருந்துவிடுகிறேன்.

அம்மா